நடுக்கடலில் நோயுற்றால் மருத்துவ உதவி கிடைப்பது எப்படி? கப்பல்களுக்கு உள்ள ஏற்பாடும் மீன்பிடிப் படகுகளின் நிலையும்

புதுதில்லி: 2023 ஆகஸ்ட் 16-ஆம் தேதி இரவு. மும்பைக் கடற்கரையில் இருந்து சுமார் 200 கி.மீ. தொலைவில், சீனாவில் இருந்து ஐக்கிய அரபு அமீரகம் நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'தோங் ஃபாங் கான் தான் எண் 2' என்ற ஆய்வுக் கப்பல் குறித்து மும்பையில் உள்ள கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குத் தகவல் வந்தது. பனாமா கொடியுடன் இயங்கிய அக்கப்பலில் இருந்த சீன நாட்டவர் ஒருவர் கடும் நெஞ்சுவலியால் துடித்துக்கொண்டிருந்தார். மாரடைப்பின் அறிகுறிகள் தென்பட்டன.

மையம் உடனடியாகக் கப்பலுடன் தொடர்பு கொண்டு தொலைமருத்துவ ஆலோசனை வழங்கியது. அதன் பின்னர், இருளையும் மோசமான வானிலையையும் பொருட்படுத்தாமல் புறப்பட்ட இந்திய கடலோர காவல்படையின் ஹெலிகாப்டர் நோயாளியை மேலே தூக்கிக் கரை சேர்த்தது.

ஹெலிகாப்டர் மீட்பே செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது. ஆயினும் அந்த இரவில் முதலில் கப்பலைச் சென்றடைந்தது மருத்துவ ஆலோசனைதான். நடுக்கடலில் ஒருவர் நோயுறும்போது அவரிடம் மருத்துவர் நேரில் வந்து சேரப் பல மணி நேரமோ, சில நாட்களோ ஆகலாம். அந்த இடைவெளியில் உயிரைக் காப்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. அவர் இருக்கும் இடம் கரையில் உள்ளோருக்குத் தெரிய வேண்டும். அவரது நிலையைக் கேட்டறிந்து பதில் சொல்ல ஒரு மருத்துவர் மறுமுனையில் இருக்க வேண்டும். பெரிய கப்பல்களுக்கு இவ்விரண்டையும் சர்வதேச விதிகள் உறுதி செய்கின்றன. மீன்பிடிப் படகுகளுக்கு முதலாவது வசதி வேகமாகக் கிடைத்து வருகிறது. இரண்டாவது இன்னும் முழுமையாகச் சென்றடையவில்லை.

கப்பலில் மருத்துவர் இருப்பாரா?

பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் மருத்துவர் இருப்பதில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் பயணிக்கும், வழக்கமாக 3 நாட்களுக்கு மேல் நீளும் சர்வதேசப் பயணங்களில் ஈடுபடும் கப்பல்களில் மட்டுமே தகுதி பெற்ற மருத்துவர் இருப்பது கட்டாயம். இன்றைய சரக்குக் கப்பல்கள் பலவற்றில் இருபது, இருபத்தைந்து பேரே பணிபுரிகின்றனர். எனவே அவை இந்த வரம்புக்குள் வருவதில்லை.

மருத்துவர் இல்லாத கப்பல்களில் மருத்துவப் பராமரிப்பிலோ முதலுதவியிலோ பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும் என்று உடன்படிக்கை கூறுகிறது. நடைமுறையில் இப்பொறுப்பு பெரும்பாலும் கப்பலின் அதிகாரி ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. மருந்துப் பெட்டியும் மருத்துவக் கருவிகளும் மருத்துவ வழிகாட்டி நூலும் கப்பலில் இருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பு இதற்கெனவே கப்பல்களுக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டியை வெளியிட்டுள்ளது.

இதே உடன்படிக்கை இன்னொரு முக்கியக் கடமையை அரசுகள் மீது சுமத்துகிறது. கடலில் உள்ள கப்பல்களுக்கு வானொலி அல்லது செயற்கைக்கோள் வழியாக, நிபுணர்களின் கருத்து உட்பட, மருத்துவ ஆலோசனை 24 மணி நேரமும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். கப்பல் எந்த நாட்டின் கொடியை ஏந்தியிருந்தாலும் அந்த ஆலோசனை கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். 2013 ஆகஸ்ட் 20-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்த உடன்படிக்கைக்கு, 2015 அக்டோபர் 9-ஆம் தேதி இந்தியா ஏற்புறுதி அளித்தது.

கரையில் இருந்தபடியே கப்பலுக்கு வைத்தியம் சொல்லும் முறை புதியதன்று. இத்தாலியின் ரோம் நகரில் 1935-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சர்வதேச வானொலி மருத்துவ மையம், பல்லாண்டுகளாக எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் இலவசமாக ஆலோசனை வழங்கி வருகிறது. கம்பியில்லாத் தந்தியின் முன்னோடியான மார்க்கோனி அதன் முதல் தலைவராக இருந்தார்.

கேட்கப்படும் கேள்விகள்

தொலைநிலை மருத்துவத்தில் மருத்துவரின் கண்ணாகவும் கையாகவும் செயல்படுபவர் கப்பலில் இருப்பவரே. ஆகவே அழைப்பதற்கு முன் அவர் சேகரித்து வைக்கும் தகவல்களின் தரமே ஆலோசனையின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

முதலில் கப்பலைப் பற்றிய விவரங்கள் கேட்கப்படும். பெயர், அழைப்புக் குறியீடு, இருக்கும் இடம், செல்லும் திசை, வேகம், அருகில் உள்ள துறைமுகத்தை அடைய ஆகும் நேரம் ஆகியவை இதில் அடங்கும். அடுத்து நோயாளியின் வயது, பாலினம், வலி தொடங்கிய நேரம், அது இருக்கும் இடம், நாடித்துடிப்பு, மூச்சின் வேகம், உடல் வெப்பநிலை, இரத்த அழுத்தம், சுயநினைவின் நிலை, ஏற்கெனவே உள்ள நோய்கள், ஒவ்வாமை, இதுவரை கொடுக்கப்பட்ட மருந்துகள் ஆகியவை கேட்கப்படும். கப்பலின் மருந்துப் பெட்டியில் என்னென்ன உள்ளன என்பதையும் மருத்துவர் அறிய வேண்டும். இல்லாத மருந்தைப் பரிந்துரைப்பதில் பயன் இல்லை.

இந்தப் பதில்களைக் கொண்டு மூன்றில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. கப்பலிலேயே சிகிச்சையைத் தொடரலாம். பாதையை மாற்றி அருகில் உள்ள துறைமுகத்துக்குச் செல்லலாம். அல்லது நோயாளியை உடனடியாக வெளியேற்றலாம். மருத்துவர் பரிந்துரைக்கிறார். வெளியேற்றும் வழியை மீட்பு மையம் ஆராய்கிறது. கப்பலின் பாதுகாப்பு குறித்த இறுதி முடிவு கேப்டனிடம் உள்ளது.

இதற்கான தகவல் தொடர்பும் முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளது. இன்மர்சாட் செயற்கைக்கோள் கருவியில் 32 என்ற இரண்டு இலக்கக் குறியீடு மருத்துவ ஆலோசனைக்கும், 38 என்ற குறியீடு நோயாளியை வெளியேற்றுவது போன்ற மருத்துவ உதவிக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இணைய வசதி உள்ள கப்பல்களில் இருந்து காயத்தின் புகைப்படத்தையும் இதயத் துடிப்பு வரைபடத்தையும் அனுப்ப இயலும்.

இடத்தை அறியும் ஏற்பாடுகள்

மருத்துவரின் முடிவு எதுவாயினும் அதைச் செயல்படுத்தக் கப்பல் இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். 1992-இல் தொடங்கி 1999 பிப்ரவரி 1-ஆம் தேதி முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகளாவிய கடல்சார் ஆபத்துக்கால மற்றும் பாதுகாப்பு அமைப்பு, சர்வதேசப் பயணத்தில் ஈடுபடும் 300 டன் மற்றும் அதற்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களுக்கும் அனைத்துப் பயணிகள் கப்பல்களுக்கும் பொருந்தும்.

இத்தகைய கப்பல்களில் பொருத்தப்படும் தானியங்கி அடையாளக் கருவி, கப்பலின் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை அருகில் உள்ள கப்பல்களுக்கும் கரை நிலையங்களுக்கும் இடைவிடாமல் அறிவிக்கிறது. தொலைதூர அடையாள முறையின் கீழ், கப்பலின் இடம் வழக்கமாக 6 மணி நேரத்துக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வழியாக அதன் கொடி நாட்டுக்குத் தெரிவிக்கப்படுகிறது.

கப்பல் மூழ்கினால் தானாகவே விடுபட்டு மிதக்கும் ஆபத்துக்காலக் குறிகாட்டி 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பும். குறைந்தது 48 மணி நேரம் அது இயங்க வேண்டும் என்பது விதி. இந்தச் சமிக்ஞைகளை 'காஸ்பாஸ்-சார்சாட்' என்ற சர்வதேசச் செயற்கைக்கோள் அமைப்பு பெறுகிறது. இந்தியப் பகுதிக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூருவில் இஸ்ரோவால் இயக்கப்படுகிறது.

கண்காணிப்பு கப்பலுக்கு உள்ளேயும் உண்டு. இரவில் தனியாகக் காவல் பணியில் இருக்கும் அதிகாரி மயங்கி விழுந்தாலோ உறங்கிவிட்டாலோ அதைக் கண்டறிய மேல்தளக் கண்காணிப்பு எச்சரிக்கைக் கருவி உதவுகிறது. 3 முதல் 12 நிமிடங்களுக்குள் அமைக்கப்படும் இடைவெளிக்கு ஒருமுறை அதிகாரி தான் விழிப்புடன் இருப்பதை உணர்த்த வேண்டும். தவறினால் முதலில் விளக்கு ஒளிரும். அடுத்த 15 விநாடிகளில் ஒலி எழும். அப்போதும் அசைவு இல்லையெனில் மாற்று அதிகாரி அல்லது கேப்டனின் அறையில் எச்சரிக்கை ஒலிக்கும்.

இந்தியாவின் பொறுப்பும் மீட்பின் விலையும்

சர்வதேச ஏற்பாட்டின்படி சுமார் 46 லட்சம் சதுர கி.மீ. கடற்பரப்பில் தேடுதல் மற்றும் மீட்புப் பணி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. நாட்டின் நிலப்பரப்பைவிட இது பெரியது. இப்பணியை ஒருங்கிணைக்கும் தேசிய அமைப்பாகக் கடலோர காவல்படை செயல்படுகிறது. மும்பை, சென்னை, ஸ்ரீ விஜயபுரம் ஆகிய இடங்களில் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் உள்ளன. கடலோர காவல்படையின் கட்டணமில்லா அவசர எண் 1554.

ஹெலிகாப்டரின் எட்டும் தூரத்துக்கு எல்லை உண்டு. சென்று திரும்புவதற்கும், கப்பலின் மேல் அந்தரத்தில் நின்று நோயாளியைத் தூக்குவதற்கும் எரிபொருள் வேண்டும். அந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் கப்பல் கரையை நோக்கித் திரும்பி வர வேண்டியிருக்கும். 12 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் ஒரு நாள் முழுவதும் ஓடினாலும் 288 கடல் மைல்களையே கடக்கும்.

மீட்கச் செல்வோரின் உயிரும் பணயமாகிறது. 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு, குஜராத் மாநிலம் போர்பந்தரில் இருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில் 'ஹரி லீலா' என்ற எண்ணெய்க் கப்பலில் காயமடைந்த ஊழியரை மீட்கச் சென்ற கடலோர காவல்படையின் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. அதில் இருந்த நால்வரில் மூவர் உயிரிழந்தனர்.

நோயாளியை உடனே வெளியேற்ற வேண்டுமா, காலை வரை காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு எந்த மருத்துவரும் எளிதில் பதில் சொல்லிவிட முடியாது என்பதை இத்தகைய நிகழ்வுகள் உணர்த்துகின்றன. கப்பலில் இருந்து வரும் விவரங்கள் துல்லியமாக இருந்தால் தேவையற்ற பயணம் தவிர்க்கப்படும். தேவையான பயணம் தாமதமாகாது.

குறுஞ்செய்தியில் தொடர்ந்த தொடர்பு

தகவல் தொடர்பு மிகச் சுருக்கமானதாக இருந்தாலும் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதற்கு இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் அனுபவம் சான்றாகும். தனியாக உலகைச் சுற்றிவரும் 'கோல்டன் குளோப்' பாய்மரப் படகுப் போட்டியில் பங்கேற்ற அவரது 'துரியா' படகு, 2018 செப்டம்பர் 21-ஆம் தேதி தெற்கு இந்தியப் பெருங்கடலில் கடும் புயலில் சிக்கியது. பாய்மரம் முறிந்தது. முதுகுத்தண்டில் பலத்த காயமடைந்த அவரால் எழ இயலவில்லை. அப்போது அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருந்து சுமார் 1,900 கடல் மைல் தொலைவில் இருந்தார்.

ஆபத்துக்காலக் குறிகாட்டியும் செயற்கைக்கோள் குறுஞ்செய்திக் கருவியும் அவரிடம் இருந்தன. முதுகில் பலத்த காயம், எழ முடியவில்லை என்ற சில சொற்களே மீட்புக் குழுவினருக்கு நிலைமையை விளக்கிவிட்டன. நடக்க இயலாதவரைத் தூக்குப் படுக்கையில் வைத்தே இறக்க வேண்டும் என்பது மீட்புக் கப்பல் சென்றடைவதற்கு முன்பே தெரிந்திருந்தது. இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானமும் ஆஸ்திரேலிய விமானமும் படகைக் கண்டறிந்தன. செப்டம்பர் 24-ஆம் தேதி பிரான்ஸின் மீன்வளக் கண்காணிப்புக் கப்பலான 'ஒசிரிஸ்' அவரை மீட்டு, ஆம்ஸ்டர்டாம் தீவில் உள்ள சிறு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது.

பின்னர் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட டோமி, அதே போட்டியின் அடுத்த பதிப்பில் மீண்டும் களமிறங்கி 2023 ஏப்ரலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தார்.

மீன்பிடிப் படகுகளின் நிலை

டோமியிடம் இருந்த இருவழித் தொடர்பு இந்திய மீனவர்களுக்கு நீண்டகாலம் எட்டாக்கனியாக இருந்தது. கரையில் இருந்து சுமார் 10 முதல் 12 கி.மீ. தாண்டினால் கைபேசிக்கு அலைவரிசை கிடைப்பது அரிது. ஆழ்கடலில் பல நாட்கள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் அதைவிடப் பன்மடங்கு தொலைவுக்குச் செல்கின்றன.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் இந்த இடைவெளியின் விலையை வெளிப்படுத்தியது. எச்சரிக்கை வெளியாவதற்கு முன்பே கடலுக்குச் சென்றிருந்த கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் பலரை அது சென்றடையவில்லை. ஏராளமானோர் உயிரிழந்தனர், பலர் காணாமல் போயினர்.

இதன் பின்னர் 2019 அக்டோபர் 9-ஆம் தேதி 'ஜெமினி' கருவி அறிமுகப்படுத்தப்பட்டது. செயற்கைக்கோளில் இருந்து வரும் புயல் எச்சரிக்கை, கடல் நிலை, மீன்வளப் பகுதி குறித்த தகவல்களைப் பெற்று மீனவரின் கைபேசிக்கு அது அனுப்புகிறது. ஆனால் அது ஒருவழிக் கருவி. மீனவர் அதன் மூலம் பதில் அனுப்ப இயலாது.

எதிர்த் திசையில் இயங்கியது இஸ்ரோ உருவாக்கி 2010 முதல் பயன்பாட்டில் உள்ள ஆபத்துக்கால எச்சரிக்கைக் கருவி. தீ, படகு மூழ்குதல், ஆள் கடலில் விழுதல், மருத்துவ உதவி போன்ற தேவைகளைப் பொத்தானை அழுத்தித் தெரிவிக்கலாம். செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரு மையத்தை அடைந்து, அங்கிருந்து மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களுக்குச் செல்லும். 20,000-க்கும் மேற்பட்ட கருவிகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளதாக இஸ்ரோ தெரிவித்துள்ளது. அதிலும் ஒரு குறை இருந்தது. பொத்தானை அழுத்திய மீனவருக்குத் தமது அழைப்பு சென்றடைந்ததா என்பது தெரியாது.

2024 தொடக்கத்தில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவி இக்குறையைப் போக்குகிறது. அழைப்பு பெறப்பட்டது என்ற ஒப்புகைச் செய்தி படகுக்குத் திரும்பி வருகிறது. கைபேசியுடன் இணைத்துத் தாய்மொழியிலேயே செய்திகளைப் படிக்கலாம். இடத்தைக் கணிக்க இந்தியாவின் 'நாவிக்' அமைப்பு பயன்படுத்தப்படுகிறது.

2024 ஆகஸ்ட் 30-ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் பால்கரில், பிரதமர் நரேந்திர மோடி படகுகளுக்கான தகவல் தொடர்பு மற்றும் ஆதரவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சுமார் 360 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்தின் கீழ், 13 கடலோர மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களில் விசைப்படகுகளிலும் இயந்திரம் பொருத்திய படகுகளிலும் 1 லட்சம் டிரான்ஸ்பாண்டர்கள் படிப்படியாகப் பொருத்தப்படும். இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான இக்கருவி இருவழியிலும் குறுஞ்செய்திகளைக் கொண்டு செல்லும். கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கவும் செய்யும்.

எஞ்சியுள்ள இடைவெளி

இடம் தெரிகிறது, அழைப்புக்கு ஒப்புகையும் வருகிறது. மறுமுனையில் மருத்துவர் இருப்பாரா என்பதே இனி எழும் கேள்வி. கப்பல்களுக்கு இலவச மருத்துவ ஆலோசனையை உறுதி செய்யும் 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கை, மீன்பிடிப் படகுகளைத் தன் வரம்பில் இருந்து வெளிப்படையாகவே விலக்கியுள்ளது.

மீனவர்களுக்கெனச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2007-இல் தனி உடன்படிக்கையை ஏற்றது. படகில் மருத்துவப் பொருட்கள், முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவர், மருத்துவ ஆலோசனைக்கான வானொலி அல்லது செயற்கைக்கோள் தொடர்பு ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. 2017 நவம்பர் 16-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கைக்கு இந்தியா ஏற்புறுதி அளிக்கவில்லை.

அதே வேளையில், தேவையான அடித்தளம் நாட்டில் தனித்தனியாக இருக்கிறது. 2020 மார்ச் 25-ஆம் தேதி வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், காணொலி, குரல், எழுத்து ஆகிய மூன்று வழிகளிலும் பதிவு பெற்ற மருத்துவர் ஆலோசனை வழங்க அனுமதிக்கின்றன. அவசர நிலையில் நோயாளி கூடிய விரைவில் நேரில் சிகிச்சை பெற வேண்டும் என்று கூறும் நெறிமுறைகள், அதுவரை தொலைவில் இருந்து கிடைக்கும் வழிகாட்டுதல் உயிர் காக்கக்கூடும் என்பதையும் ஏற்கின்றன. விபத்தில் காயமுற்றவரின் கழுத்தை எந்நிலையில் வைக்க வேண்டும் என்ற அறிவுரை அவரது முதுகுத்தண்டைக் காக்கலாம் என்பது அவற்றிலேயே தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டு. நாடு தழுவிய 'இ-சஞ்சீவனி' தொலைமருத்துவச் சேவையும் செயல்பாட்டில் உள்ளது.

படகின் டிரான்ஸ்பாண்டர் கொண்டு செல்வது குறுஞ்செய்தி மட்டுமே. கப்பல்களில் இருந்து அனுப்புவது போல் காணொலியையோ இதயத் துடிப்பு வரைபடத்தையோ அதில் எதிர்பார்க்க இயலாது. ஆனால் நாடி, மூச்சு, சுயநினைவு, வலி உள்ள இடம், தொடங்கிய நேரம் ஆகிய ஐந்தையும் ஒரு வரியில் எழுதிவிட முடியும். கரைக்குத் திரும்ப வேண்டுமா, காயத்தை எப்படிக் கட்ட வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்ற பதில்களும் ஒரு வரியில் அடங்கும். மீனவர்களின் செய்திகள் வந்து சேரும் இடத்தையும் மருத்துவர் அமர்ந்திருக்கும் இடத்தையும் நிரந்தரமாக இணைப்பதும், படகுக்கு ஒருவருக்காவது முதலுதவிப் பயிற்சி அளிப்பதும் அடுத்த கட்டத் தேவைகளாகின்றன.

படகில் செல்வோர் கவனிக்க வேண்டியவை

இப்போதுள்ள வசதிகளைக் கொண்டே சில முன்னேற்பாடுகளைச் செய்யலாம்.

ஆபத்துக்காலக் கருவியையும் டிரான்ஸ்பாண்டரையும் பயணம் முழுவதும் இயங்கும் நிலையில் வைத்திருப்பது அவசியம். பதிவில் உள்ள படகின் பெயரும் உரிமையாளரின் தொலைபேசி எண்ணும் நடப்பில் இருப்பவையாக இருக்க வேண்டும். அழைப்பு வந்ததும் மீட்பு மையம் முதலில் சரிபார்ப்பது இந்த விவரங்களையே.

சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் திட்டமிட்ட நாட்களைவிடச் சில நாட்களுக்குக் கூடுதலான மருந்தை எடுத்துச் செல்லலாம். யாருக்கு என்ன நோய், என்ன ஒவ்வாமை என்பதை உடன் செல்வோரில் இருவராவது அறிந்திருப்பது நல்லது.

மருத்துவ உதவி கோரிய பின்னர், மையம் அறிவுறுத்தாத வரையில் படகின் திசையை அடிக்கடி மாற்றக் கூடாது. நெஞ்சுவலி, பக்கவாத அறிகுறி, நிற்காத இரத்தப்போக்கு, தலையிலோ முதுகிலோ பலத்த அடி ஆகியவை ஏற்பட்டால், தானாகச் சரியாகிவிடும் என்று காத்திராமல் உடனடியாகத் தகவல் தெரிவிக்க வேண்டும். கரையில் இருப்பவருக்குச் சில நிமிடத் தாமதமாகத் தோன்றுவது, நடுக்கடலில் ஹெலிகாப்டரின் எட்டும் தூரத்தைத் தாண்டிச் சென்றுவிடும் தாமதமாக மாறக்கூடும்.